ஒரு தோட்டாவில் மருந்து இல்லை!

தலையில் அகலத் தொப்பி. காலில் உயரமான பூட்ஸ். இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கி. பெண்களும் வருகிறார்கள், கணுக்கால் வரை தொங்கும் பாவாடை கட்டிக்கொண்டு. ஆளுக்கு ஒரு புனைபெயர். சொந்தப் பெயர் சொல்லி அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவது இல்லை.

இது சினிமாப் படப்பிடிப்பு அல்ல. அமெரிக்காவில் நடக்கும் "கௌபாய்" துப்பாக்கிப் பந்தயம்.

ஜெய்சங்கர் குதிரையில் வந்து சுட்டதை 1970-களில் கொட்டகையில் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு இந்த வேஷம் புதிது அல்ல. ஆனால் இங்கே குதிரை இல்லை, கொள்ளைக்காரன் இல்லை. சுடப்படுவது இரும்புத் தகடு. குண்டு பட்டால் "டங்" என்று சத்தம் வரும். எத்தனை விநாடியில் சுட்டு முடித்தார் என்பதுதான் கணக்கு. ஒரு குண்டு தவறினால் 5 விநாடி தண்டம்!

1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய விளையாட்டு இது. 1987-ல் இதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்று குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பிள்ளைகளுக்குத் தனிப்பிரிவே இருக்கிறது.

அவர்கள் எப்படிச் சுடுகிறார்கள் என்பதைப் பற்றி நாம் எழுத வரவில்லை. சுடுவதற்கு முந்தின இரவு, வீட்டு மேஜையில் நடப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பந்தயக்காரர்களில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவது இல்லை. வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறார்கள். அந்த நாட்டில் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, மறுபடி நிரப்புகிறார்கள். கூட்டின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் பொருந்தும். அதற்குப் பெயர் பிரைமர். துப்பாக்கியின் சுத்தி தட்டியதும் தீப்பொறி தருவது அதுதான். அதற்கு மேல் மருந்து. மருந்துக்கு மேல் ஈயக்குண்டு. இவ்வளவுதான் தோட்டா.

எத்தனை தோட்டா வேண்டும்? ஒரு சுற்றுக்குக் கைத்துப்பாக்கிக்கு 10, ரைபிளுக்கு 10 என்பது வழக்கம். 6 சுற்று நடந்தால் 120. இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு வேண்டியது தனி. மாதம் ஒரு பந்தயம் என்றால் ஆண்டுக்கு 1,440 தோட்டா. பழகிப் பார்க்கச் சுடுவது இந்தக் கணக்கில் சேராது.

இந்த 1,440-ல் ஒன்றே ஒன்றில் மருந்து போட மறந்துவிட்டால்?

அங்கேதான் ஆபத்து!

மருந்து இல்லாத தோட்டா வெடிக்காது, அதனால் கெடுதல் இல்லை என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. பிரைமர் மட்டும் வெடித்து, அந்தச் சின்ன வேகத்தில் குண்டைக் குழலுக்குள் தள்ளிவிடும். குண்டு வெளியே வராது. பாதி வழியில் சிக்கி நிற்கும். சத்தமும் "டப்" என்று வராது. "புஸ்" என்றுதான் வரும். பந்தயக்காரரோ விநாடிக் கணக்கில் அவசரமாகச் சுட்டுக்கொண்டு இருக்கிறார். அடுத்த தோட்டா நல்ல தோட்டா. அது முழு வேகத்தில் வந்து, அடைத்து நிற்கும் குண்டின் மேல் மோதும். குழல் உப்பலாம். வெடித்தும் போகலாம்!

இந்தப் பந்தயத்தில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. துப்பாக்கி கையில் உதைக்காமல் இருக்க, பலர் மிகக் குறைந்த மருந்து போட்டு மெதுவான தோட்டா செய்கிறார்கள். அதன் சத்தமே சன்னமானது. நல்ல தோட்டாவுக்கும் வெறும் தோட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழுவது கடினம்.

மருந்து போட மறப்பது ஒரு வகை. இரண்டு தடவை போட்டுவிடுவது இன்னொரு வகை.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இவர்கள் விரும்பும் .45 கோல்ட் தோட்டா 1873-ல் வந்தது. அப்போது உலகம் முழுவதும் கருமருந்துதான். கூடு நிறைய மருந்து கொள்ளும். 40 கிரெய்ன் போடுவார்கள். (7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு.) இன்று பெரும்பாலோர் போடுவது புகையில்லாத மருந்து. அது கொஞ்சம் போட்டாலே போதும். கூட்டின் அடியில் சிறிதளவே இருக்கும். மேலே எல்லாம் வெற்றிடம். ஆகவே தவறி இரண்டாம் தடவை ஊற்றினாலும் பொங்கி வழியாது! கருமருந்துக் காலத்தில் கூடே "நிரம்பிவிட்டது" என்று காட்டிக்கொடுத்தது. இப்போது அது வாயை மூடிக்கொண்டு இருக்கிறது.

எண்ணிக்கை

அதனால்தான் எண்ணவேண்டும் என்கிறோம்.

எண்ணுவது என்றால் ஒன்று, இரண்டு என்று விரல் விடுவது மட்டும் அல்ல. பிரைமர் 100, 100-ஆகத் தட்டில் வருகிறது. 100 தோட்டா முடிந்ததும் தட்டு காலியாக இருக்கவேண்டும். ஒன்று மிஞ்சினால் ஏதோ ஒரு கூட்டில் பிரைமர் இல்லை என்று அர்த்தம். இது சுலபமான கணக்கு. ஆனால் மருந்து விடுபட்டதை இந்தக் கணக்கு காட்டாது.

அதற்குக் கண்தான் வேண்டும். 50 குழி உள்ள பலகையில் 50 கூட்டை நிறுத்தி, மருந்து போட்டபின், குண்டை வைக்குமுன், விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கவேண்டும். ஐம்பதிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒன்றில் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அது உடனே கண்ணில் படும்.

முடித்த தோட்டாவைத் தராசில் வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. பித்தளைக் கூடும் ஈயக்குண்டும் ஒன்றுக்கு ஒன்று சிறிது எடை வேறுபடும். மருந்தோ மிகக் கொஞ்சம். அந்த வேறுபாட்டுக்குள் மருந்தின் எடை மறைந்துபோகும். தராசு சரி என்று சொல்லும்; துப்பாக்கி இல்லை என்று சொல்லும்.

இப்போது கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா விழும் எந்திரம் வந்திருக்கிறது. வேலை வேகமாக நடக்கிறது. மருந்து மட்டத்தைப் பார்த்து மணி அடிக்கும் கருவியும் அதில் மாட்டலாம். நல்லதுதான். ஆனால் பாதி இழுப்பில் டெலிபோன் அடிக்கிறது. அல்லது குழந்தை அழுகிறது. எழுந்து போகிறார். திரும்பி வந்து, எந்த இடத்தில் விட்டோம் என்று யோசிக்கிறார். அந்த யோசனை வந்த உடனே, எந்திரத்தில் இருக்கும் கூடுகளை எல்லாம் எடுத்துக் கொட்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கவேண்டும். "போட்டிருப்பேன்" என்ற வார்த்தைக்கு அந்த மேஜையில் இடம் கிடையாது.

முடித்தபிறகு சந்தேகம் வந்தால்? ஒன்றைத் தேடி நூற்றையும் பிரிக்கவேண்டும். குண்டைப் பிடுங்க அதற்கென்று சுத்தி இருக்கிறது. ஒரு மாலைப்பொழுது வீணாகும். ஆகட்டும்.

பந்தயத்துக்குப் போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு. 150 தோட்டா கொண்டுபோனார். 120 சுட்டார். 30 திரும்பவேண்டும். 29 இருந்தால் ஒன்று எங்கே? புல்லில் விழுந்ததா? சட்டைப் பையிலா? காரின் இருக்கைக்கு அடியிலா? துப்பாக்கிக்கு உள்ளேயே இருக்கிறதா? விடை தெரிந்தபிறகுதான் சாப்பிடப் போகவேண்டும். அந்தக் காரில் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகப் போவது பிள்ளைகள்!

பந்தயத் திடலைப் பாருங்கள். அங்கே எத்தனைக் கட்டுப்பாடு! துப்பாக்கியில் தோட்டா போடுவதற்கு என்றே ஒரு மேஜை. அதைக் கவனிக்க ஓர் ஆள். ஆறு அறை உள்ள கைத்துப்பாக்கியில் ஐந்துதான் போடலாம். சுத்தி படும் அறை காலியாக இருக்கவேண்டும், தட்டுப்பட்டாலும் வெடிக்காமல் இருக்க. தவறிய குண்டை எண்ணுவதற்கு மூன்று பேர். அவர்களில் இருவர் சொல்வதே முடிவு. சத்தம் சரியில்லை என்று பட்டால் உடனே நிறுத்தச் சொல்கிறார்கள். கீழே விழுந்த தோட்டாவைச் சுற்று முடியும் வரை எடுக்கக்கூடாது. சுட்டு முடித்ததும், துப்பாக்கி காலி என்று காட்ட இன்னொரு மேஜை.

திடலில் தவறுகளை எண்ண மூன்று பேர். அந்தத் தோட்டா பிறந்த வீட்டில் எண்ண ஒரே ஒருவர். அவரும் அலுவலகம் முடிந்து களைத்து வந்தவர். இது தலைகீழாக இருக்கிறது என்பது நம் கருத்து.

சேமிப்பு

இனி, செய்த தோட்டாவையும் மிஞ்சிய மருந்தையும் எங்கே வைப்பது?

மருந்தை அது வந்த டப்பாவிலேயே வைக்கவேண்டும். அந்த டப்பா, தீப்பிடித்தால் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்படி செய்யப்பட்டது. "இரும்புப் பெட்டியில் இறுக்கிப் பூட்டினால் பத்திரம்" என்று நினைப்பவர், தம் கையாலேயே ஒரு வெடிகுண்டு செய்கிறார். தோட்டாவில் இருக்கும்வரை மருந்துக்கு வேலை அதுதானே: அடைத்து வைத்தால் சீறும்!

பிரைமரைக் கண்ணாடிச் சாடியில் கொட்டி வைப்பது மகா ஆபத்து. ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். தட்டில் தனித்தனிக் குழியில் அவை உட்கார்ந்திருப்பது அழகுக்காக அல்ல. மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் இருக்கும் அலமாரியில் இவற்றை வைக்கக்கூடாது. வெயில் காயும் தகரக் கொட்டகையும் கூடாது. மருந்து டப்பாவைத் திறந்ததும் காரமான அமில வாசனை அடித்தாலோ, செம்பழுப்புப் புகை தெரிந்தாலோ, அது கெட்டுப்போன மருந்து. எடுத்துப் பயன்படுத்தக்கூடாது.

அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 1896-ல் ஏற்பட்டது. வீட்டில் புகையில்லா மருந்து எவ்வளவு வைக்கலாம் என்று அது வரையறை எழுதியிருக்கிறது. வந்த டப்பாவிலேயே இருந்தால் 20 பவுண்டு வரை. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால், ஓர் அங்குல கனத்துக்குக் குறையாத மரப்பெட்டி வேண்டும். ஏன் மரம்? மரம் சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. பிரைமர் 10,000 வரை. இந்த வரையறையை எந்த ஊர் எப்படி ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். கருமருந்துக்கு விதிகள் தனி. அது இன்னும் கொடியது.

10,000 பிரைமர்! மேலே சொன்ன பந்தயக் கணக்குப்படி அது ஏறக்குறைய ஏழு ஆண்டுக்குப் போதும். அப்படியும் வாங்கி அடுக்குகிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது அமெரிக்கக் கடைகளில் பிரைமர் கிடைக்காமல் போயிற்று. அந்தப் பயம் இன்னும் சிலருக்குப் போகவில்லை. பஞ்சத்தில் அடிபட்டவன் அரிசியைப் பதுக்குவதுபோல் இவர்கள் தீப்பொறியைப் பதுக்குகிறார்கள். அரிசி மூட்டை குடும்பத்துக்குச் சோறு போடும். இது குழந்தையின் படுக்கை அறைக்குப் பக்கத்து அறையில் தூங்கும். சட்டம் அனுமதிக்கும் அளவு வேறு. வீட்டுக்குத் தேவையான அளவு வேறு. ஓர் ஆண்டுத் தேவைக்கு மேல் வாங்குவதை நாம் ஆதரிக்கமாட்டோம்.

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. ஈயம். குண்டு ஈயம், பெரும்பாலான பிரைமரிலும் ஈயச் சேர்க்கை உண்டு. பழைய கூடுகளைச் சுத்தம் செய்யும் எந்திரத்தில் இருந்து பறக்கும் தூசியில் அது இருக்கிறது. குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கண்டறியப்படவில்லை. ஆகையால் சாப்பாட்டு மேஜையில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கவேண்டும்.

செய்த தோட்டாவைப் பெட்டியில் போட்டு, மேலே சீட்டு ஒட்டுகிறார்கள். தேதி, மருந்தின் பெயர், அளவு, குண்டின் எடை எல்லாம் அதில் இருக்கும். இருக்கவேண்டியதுதான். அதோடு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறோம்: "பார்த்து எண்ணியவர்." அந்த இடத்தில் செய்தவர் கையெழுத்துப் போடக்கூடாது. மனைவி போடலாம், கணவன் போடலாம், அடுத்த வீட்டு நண்பர் போடலாம். துப்பாக்கி பிடிக்கத் தெரியவேண்டும் என்ற அவசியம் இல்லை. குண்டை வைக்குமுன் கூப்பிட்டால் வந்து, விளக்கைப் பிடித்து, ஐம்பது கூட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் போதும். இரண்டு நிமிஷ வேலை.