மாதா பார்த்துக்கொள்வாள் என்பது பக்தியா?

ஆகஸ்டுத் திங்கள் பாதி கடந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தோர் கூட்டம் கூட்டமாகத் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்குகின்றனர். படூர் போன்ற பழைய மாமல்லபுரம் சாலை ஊர்களிலிருந்து புறப்படுவோர் கேளம்பாக்கத்தில் கிழக்கே திரும்பி, உப்பளங்களின் ஊடே கோவளம் சென்று அக்கூட்டத்தோடு சேரலாம். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் ஏறும் கொடியைக் காணவோ, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவில் பங்கேற்கவோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடப்பவர்கள் இவர்கள். அவர்களது நம்பிக்கையை நான் வணங்குகிறேன். அந்நம்பிக்கையைத் தெருவில் விட்டுவிட்டு உறங்கும் நம் பங்குகளையே இங்குக் கேள்வி கேட்கிறேன்.

'எங்கே தங்குவீர்கள்? யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் என்ன செய்வீர்கள்?' என்று புறப்படுவோரைக் கேட்டுப் பாருங்கள். 'மாதா பார்த்துக்கொள்வாள்' என்பதே பெரும்பாலும் விடையாக வரும். கேட்க இனிமையான சொல்தான். ஆனால் ஆலய உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று பாலைநிலத்தில் ஆண்டவரிடம் வாதிட்டவன் யார் என்பதை மறந்துவிட வேண்டாம். கோபுரம் கட்டப் புகுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்டவரும் அதே ஆண்டவர்தாம். திட்டமிடல் நம்பிக்கைக் குறைவு என்பது நற்செய்தியில் இல்லாத போதனை.

இருளில் நடந்து சென்ற திருப்பயணிகள் மீது வாகனம் மோதியது என்ற செய்தி நாளேடுகளுக்குப் புதிதன்று. இதனை விதி என்று சொல்லித் தப்ப இயலாது. பகல் வெயிலுக்கு அஞ்சி இவர்கள் இரவிலும் விடியலுக்கு முன்னரும் நடக்கின்றனர். பகலில் இளைப்பாற நிழலும் இரவில் படுக்க இடமும் இருந்தால், இருளில் இவ்வளவு தொலைவு நடக்க வேண்டிய தேவை குறையும். ஆக, நாம் திறக்காத ஒரு கூடத்திற்கும் சாலையில் சிந்தும் குருதிக்கும் தொடர்பு உண்டு.

கணக்கு கடினமானதன்று. நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் என்றால் 12 நாள். விண்ணேற்பு விழாத் திருப்பலி கண்டு, ஆகஸ்டு 17-இல் படூரை விட்டால் 28 மாலை வேளாங்கண்ணியை அடையலாம். முதல் நாள் கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தைக் கடந்து மாமல்லபுரம். பின்னர் கல்பாக்கம், கூவத்தூர், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம். செங்கல்பட்டு, புதுச்சேரி-கடலூர், தஞ்சாவூர் என மூன்று மறைமாவட்டங்களின் ஊடே இவ்வழி செல்கிறது. மூன்றும் கூடி அமர்ந்து, ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒரு தங்குமிடம் என வரையறுத்தால் போதும்: குடிநீர், கழிப்பறை, பெண்கள் தனியே உறங்க ஓர் அறை, கொப்புளத்திற்கு மருந்து. ஓர் ஆலயமோ பள்ளிக் கூடமோ இவ்வளவையும் தரக்கூடியதே.

ஆனால் நடப்பது என்ன? இரவு வாயிலில் வந்து நிற்போரிடம் 'நீங்கள் எந்தப் பங்கு?' என்று கேட்டுக் கதவை அடைக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை என்று யாரேனும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? தாய்மார்கள் கழிப்பறை தேடிப் பெட்ரோல் நிலையங்களில் கெஞ்சி நிற்க, ஆலய வளாகத்தில் பூட்டு தொங்குகிறது. திருச்சபையையே பயணம் செய்யும் மக்களாகக் காட்டியது 1964-இல் வெளிவந்த சங்க ஏடு. 2025 யூபிலி ஆண்டு முழுவதும் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பதாகை கட்டி மகிழ்ந்தோம். பதாகைக்குக் கீழே படுத்துறங்க ஒரு பாய் விரித்தோமா?

கற்றோர் சிலர் வேறு வாதம் சொல்வர். 'தொடர்வண்டி இருக்க, நடப்பது மூடபக்தி; அந்த நேரத்தில் ஏழைக்கு உதவலாமே' என்பர். நடப்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகளே என்பதை இவர்கள் காணவில்லை. கொத்தனாரும் மீனவரும் வீட்டு வேலை செய்யும் தாயும் பத்து நாள் கூலியை இழந்து நடக்கிறார்கள். ஏழைக்கு உதவ விரும்புவோருக்கு ஏழையே வாயிலைத் தேடி வருகிறார், தண்ணீர் கொடுங்கள்.

உலகத்தைப் பாருங்கள். ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகு திருத்தலத்திற்குச் செல்லும் தொன்மையான நடைவழியில் 1980களின் தொடக்கத்தில் மிகச் சிலரே நடந்தனர். ஓ செப்ரெய்ரோ என்னும் மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலின்யா, மஞ்சள் வண்ணத்தை எடுத்துச் சென்று வழியெங்கும் அம்புக்குறி வரைந்தார். அரசாணைக்கு அவர் காத்திருக்கவில்லை. இன்று அவ்வழியே ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்திருத்தலத்தை அடைந்து சான்றிதழ் பெறுகின்றனர். வழியெங்கும் விடுதிகள், தங்குமிடந்தோறும் கையேட்டில் முத்திரை.

அவ்வளவு தொலைவு போவானேன்? தைப்பூசத்திற்குப் பழனி செல்லும் நகரத்தார் தலைமுறை தலைமுறையாக நாளும் இடமும் வகுத்தே நடக்கின்றனர். பழனி செல்லும் சாலையோரம் நடந்து செல்லும் பக்தர்களுக்கெனத் தனி நடைபாதையும் உண்டு. நம் முன்னோர் வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கி, ஆற்றுப்படை என்று பெயரிட்டனர். சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பகுதி என்பர் அறிஞர். வறிய பாணனுக்கு எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்று இதே கடற்கரையில் வழி சொன்ன மொழி நம்முடையது. அதே வழியில் நடக்கும் தம் மக்களுக்கு ஒரு தாளில் ஊர்ப்பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்டுத் தர மறைமாவட்டங்களுக்கு இயலாதா?

நடப்போருக்கும் கடமை உண்டு. எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி சாலையின் வலப்புற ஓரமாக நடங்கள். ஒளியைத் திருப்பும் பட்டைகளைக் காவி உடையின் மேல் அணியுங்கள். சப்பர வண்டியின் ஒலிபெருக்கியை அடக்குங்கள். பின்னால் வரும் ஊர்தியின் ஒலி காதில் விழ வேண்டும். நீரிழிவு உடையோர் வெறுங்காலுடன் தாரில் நடப்பது நேர்ச்சையாகாது, புண்ணாகும். பெயர்ப்பட்டியல் எழுதி, ஒவ்வொரு தங்குமிடத்திலும் தலை எண்ணுங்கள். எருசலேம் விழா முடிந்து திரும்பிய கூட்டத்தில் மகன் இருப்பான் என்று எண்ணி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் தொலைவு நடந்துவிட்டனர். திருக்குடும்பத்திற்கே நேர்ந்த தவிப்பு நமக்கு நேராதா?

இவற்றில் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. வரும் ஜூலைத் திங்களில் கூடும் பங்குப் பேரவையில், 'நம் வளாகத்தில் எத்தனை பேர் தங்கலாம், சாவி யாரிடம்?' என்ற ஒரே பொருளை வையுங்கள். அன்பியங்கள் முறைவைத்துக் கஞ்சி காய்ச்சட்டும். இளைஞர்கள் இரவில் சாலையோரம் விளக்குப் பிடிக்கட்டும். மாதா பார்த்துக்கொள்வாள் என்று இனியும் சொல்வோமாயின், அவள் யார் கையைக்கொண்டு பார்ப்பாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.