விமானியின் ஓய்வும் காப்பீட்டுக் கணக்கும்

2025 ஜூன் 15 அதிகாலையில் கேதார்நாத்திலிருந்து யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து நொறுங்கியது. விமானியும் ஒரு குழந்தையும் உள்ளிட்ட ஏழு பேர் மாண்டனர். அதே ஆண்டு மே 8 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் மற்றொரு ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் உயிரிழந்தனர். 2022 அக்டோபரிலும் கேதார்நாத் அருகே ஏழு உயிர்கள் பறிபோயின.

இத்தகைய வாடகை விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் இயக்குவோரில் பலர் ஒன்றிரண்டு வானூர்திகளை மட்டுமே வைத்திருக்கும் சிறு நிறுவனத்தார். காப்பீட்டுக் கட்டணம் ஏறுகிறது, தகுதியுள்ள விமானிகள் கிடைப்பதில்லை என்பது அவர்களது முறையீடு. அதில் உண்மை உண்டு. வானூர்திக் காப்பீட்டின் பெரும்பகுதி மறுகாப்பீடு மூலம் லண்டன் போன்ற அந்நியச் சந்தைகளைச் சென்றடைகிறது; விலையும் அங்கேயே தீர்மானமாகிறது. நூற்றுக்கணக்கான விமானங்களை வைத்திருக்கும் நிறுவனம் பேரம் பேசும். ஒற்றை ஹெலிகாப்டர் வைத்திருப்பவர் கேட்ட தொகையைக் கட்டியாக வேண்டும். விமானிக்கு இத்தனை மணி நேரப் பறக்கும் அனுபவம் வேண்டும் என்று காப்பீட்டாளர் நிபந்தனை விதிக்கிறார். அந்த அனுபவம் கைவந்ததும் விமானியைப் பெரிய நிறுவனம் ஈர்த்துக்கொள்கிறது.

ஆனால், இச்சுமை உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை. கட்டிய பிரீமியத்தை ஈடுகட்ட ஒரு நாளில் இன்னும் சில நடைகள், மேகம் சூழ்ந்தாலும் புறப்படு என்ற நெருக்கடி என அது விமானியின் தோளில் இறங்குகிறது. ஊதியத்தை நம்பி வாழும் தொழிலாளி எத்தனை முறை மறுக்க முடியும்? ஆகவே, விதிகளைத் தளர்த்துவது தீர்வாகாது.

ஒன்றிய பாஜக அரசோ அந்தத் தவறான வழியையே காட்டியிருக்கிறது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுப் பணியைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. போதிய விமானிகளை அமர்த்தாத இண்டிகோ, டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. அரசு உடனே இரவுப் பணி விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு அளித்தது. பெரிய முதலாளிக்குக் கிடைத்த சலுகையைச் சிறியவர் கேட்டால் எந்த நியாயத்தைக் கூறி மறுப்பது?

கண்காணிக்க வேண்டிய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் ஏறத்தாழப் பாதிப் பணியிடங்கள் காலியாக உள்ளன என்பதை நாடாளுமன்ற நிலைக்குழுவே 2025இல் சுட்டிக்காட்டியது. அரசு காலி செய்த இருக்கையில் காப்பீட்டு நிறுவனம் வந்து அமர்கிறது. விமானியின் தகுதியை அது ஆராய்வது தன் மூலதனத்தைக் காக்கவே. பயணியின் உயிரைக் காக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

இந்தப் பொறுப்பை ஏற்கத்தக்க பொதுத்துறைக் கட்டமைப்பு நம்மிடம் உண்டு. 1973இல் நாட்டுடைமையான பொதுக் காப்பீட்டுத் துறை உண்டு. 1985இல் தொடங்கப்பட்ட பவன் ஹன்ஸ் உண்டு. ரேபரேலி அருகே அரசின் விமானிப் பயிற்சிக் கழகம் உண்டு. ஆட்சியாளர்களோ பவன் ஹன்ஸைத் தனியாருக்கு விற்க 2022இல் முடிவெடுத்து, பின்னர் கைவிட நேர்ந்தது. காப்பீட்டில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2025 டிசம்பரில் சட்டம் இயற்றினர்.

பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் சிறு இயக்குநர்களுக்கெனக் கூட்டுக் காப்பீட்டு நிதியம் அமைக்க வேண்டும். பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிப்போருக்கே அதில் குறைந்த கட்டணம் என்பது நிபந்தனையாக வேண்டும். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் விமானியாகும் வகையில் அரசுப் பயிற்சி இடங்கள் பெருக வேண்டும். யாத்திரைப் பாதைகளிலும் மலைப்பகுதிகளிலும் பவன் ஹன்ஸின் சேவை விரிவாக வேண்டும். இயக்குநரகத்தின் காலியிடங்கள் உடனே நிரப்பப்பட வேண்டும்.

விமானியின் ஓய்வு முதலாளி அளிக்கும் சலுகையல்ல. அது தொழிலாளியின் உரிமை, பயணியின் உயிர்க்காப்பு. அதை எந்தச் செலவுக் கணக்கிலும் கழித்துவிட அனுமதியோம்.