பிணத்துக்கும் தரம் பிரிக்கிறார்கள்

"பயிற்சியில செத்தவன் எப்படிப்பா தியாகி ஆவான்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 10. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலி. ஐதராபாத் பீரங்கிப் படை மையத்திலிருந்து பயிற்சிக்குப் போன அக்னிவீரர்கள் பீரங்கி சுட்டுப் பழகுகிறார்கள். குண்டு வெடித்துச் சிதறி இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவனுக்கு வயது 20, இன்னொருவனுக்கு 21. அவர்கள் என்ன சாதி என்று நான் தேடவில்லை. கூலிக்காரனாக எடுத்த பிறகு சாதி எதற்கு?

கூலிதான். 2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நாலு வருச வேலை. நூற்றுக்கு 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பென்சன் கிடையாது, பணிக்கொடை கிடையாது. செத்தால் 48 லட்சம் இன்சூரன்ஸ். பணியால் வந்த சாவு என்று அவர்களே ஒத்துக்கொண்டால் மேலே 44 லட்சம். 'இவ்வளவு குடுக்கறாங்களே, இன்னும் என்ன?' என்பார்கள். பக்கத்தில் நின்று சுடச் சொல்லிக்கொடுக்கிற நிரந்தரச் சிப்பாய் அதே வெடியில் செத்தால் அவன் குடும்பத்துக்கு மாசாமாசம் பென்சன் வரும். இவனைப் பெத்தவளுக்கு வராது.

சாவை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பணிக்குச் சம்பந்தமில்லாத சாவு எக்ஸ். பயிற்சியில் செத்தால் ஒய். எதிரியோடு மோதிச் செத்தால் இசட். பிறப்பிலே வருணம் பிரித்தவனுக்குச் சாவில் பிரிக்கத் தெரியாதா?

தேவைக்குக் கூப்பிட்டு வேலை முடிந்ததும் விரட்டுவது எங்க சனத்துக்குப் புதுசு இல்ல. கோரேகானில் 1818இல் வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்களில் மகர்கள் உண்டு. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி பட்டாளத்தில் சுபேதார். அதே வெள்ளைக்காரன் 1890களில் 'போர்க்குலம் இல்லை' என்று மகர்களுக்குக் கதவைச் சாத்தினான். முதல் உலகப்போரில் ஆள் பத்தாமல் 1917இல் மகர் படை கட்டினான், 1921இல் கலைத்தான். 1941இல் மறுபடி கூப்பிட்டான். 1943இல் உருவான சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டது. ராஜபுத், ஜாட் பெயர்கள் இன்றைக்கும் அசையாமல் நிற்கின்றன.

எங்கள் தெருப் பையன்கள் விடிகாலையில் ஏரிக்கரையில் ஓடுகிறார்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக. போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்? "வேற வேலை இருந்தா குடுண்ணே" என்கிறான் ஒருத்தன். முப்படைகளில் சேர இடஒதுக்கீடும் இல்லை. ஓடித்தான் ஆகணும்.

தோழர்களே, அடுத்த மாநாட்டில் இதைத் தீர்மானமாக வையுங்கள்: சீருடையோடு செத்த எவன் வீட்டுக்கும் ஒரே பென்சன். நாலு வருச ஒப்பந்தக்காரன் வீட்டுக்கும்தான்.