புயல் எச்சரிக்கை அட்டை வேண்டும்



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, கொழும்பு விமான நிலையத்தில் தவித்த நம் பயணிகளை இந்திய விமானப்படை மீட்டு வந்தது. ஆனால், எங்கள் கரிசல் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு, ஆபத்தில் யாரை அழைப்பது என்றே தெரியாது.

2021 அக்டோபரில் ஷாஹீன் புயல் அடித்தபோது ஓமானின் வறண்ட ஓடைகளிலும் வெள்ளம் புரண்டது. அத்தகைய நேரத்தில் ஓடும் நீரில் வண்டியை இறக்கக் கூடாது. புயலின் கண் கடக்கையில் காற்று ஓய்ந்தாலும் வெளியே வரக் கூடாது. கண் கடந்ததும் எதிர்த்திசைக் காற்று சீறும். பாஸ்போர்ட் நகல் ஊரிலும் இருக்க வேண்டும்.

இந்த அறிவுரைகளோடு இந்தியத் தூதரக எண்ணையும் அச்சிட்டு, சட்டைப்பையில் அடங்கும் அட்டையாக ஊராட்சி அலுவலகங்கள் வழியே அயலகத் தமிழர் நலத்துறை வழங்க வேண்டும்.

– ஒரு வாசகர், எப்போதும்வென்றான், தூத்துக்குடி மாவட்டம்