ஓர் ஆசனத்துக்கு ஆறு விலை

மரக்கறிச் சந்தையிலே பேரம் பேசுவது எமக்குப் புதிதன்று. ஆயினும் அங்கே விற்பவரின் முகத்தை நாம் பார்க்கிறோம். எமது முகத்தை அவரும் பார்க்கிறார். "இதற்குமேல் எனக்குக் கட்டாது" என்று அவர் சொல்லும் தொனியிலேயே பாதி உண்மை புலப்பட்டுவிடும். விற்பவரின் முகமே தெரியாமல், ஒரே பண்டத்துக்குக் கேட்கும் வேளைதோறும் வேறு வேறு விலை கூறும் ஒரு சந்தையிலே சென்ற ஆவணி விடுமுறையில் அகப்பட்டுக்கொண்டோம். பண்டம் கத்தரிக்காயன்று, ஆகாய விமானத்தின் முதலாம் வகுப்பு ஆசனம்.

எமது தாயாருக்கு வயது எழுபத்து நான்கு. அமெரிக்காவிலே சிக்காகோ நகரில், எம் தம்பியின் இல்லத்தில் அப்பொழுது தங்கியிருந்தார். எமது தமக்கையார் வசிப்பது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில். அவருடைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. தாயாரை அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பு, விடுமுறையிலே போயிருந்த எம்மைச் சார்ந்தது. பல்கலைக்கழக மாணவனாகிய எமது பெறாமகன் மூன்று வாரங்களுக்கு முன்னரே, சாதாரண வகுப்பில், ஆளுக்கு 154 டொலர் வீதம் இரண்டு சீட்டுகள் பெற்று வைத்திருந்தான். மலிவாகப் பெற்றுவிட்டதில் அவனுக்குப் பெருமை. நாமும் முதுகிலே தட்டிக்கொடுத்தோம்.

புறப்பட நான்கு நாள் இருக்கையில் தாயாரின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மருத்துவர் பிரயாணத்தைத் தடுக்கவில்லை. ஆனால் காலை மடக்கி வைத்திருக்கலாகாது, நீட்டியே இருக்கவேண்டும் என்றார். விமானம் பறக்கும் நேரமோ நான்கு மணித்தியாலத்துக்கு மேல். சாதாரண வகுப்பிலே காலை நீட்டுவதாவது! பிரயாணத்தைத் தவிர்த்துவிடலாமா என்று மெல்லக் கேட்டோம். "பேத்தியின்ரை கலியாணம் தம்பி. காலைக் கழட்டி வைச்சிட்டெண்டாலும் போவன்" என்று தாயார் வாயை அடைத்துவிட்டார். ஆகவே அவர் ஒருவரையாவது முதலாம் வகுப்புக்கு மாற்றுவதென்று தீர்மானித்தோம்.

செவ்வாய்க்கிழமை இரவு பெறாமகன் கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தான். மேல்வகுப்புக்கு மாற 219 டொலர் என்று திரை கூறியது. தொகை பெரிதாகத் தோன்றியபடியால், காலையிலே தம்பியுடனும் கலந்து பேசிச் செய்வோம் என்றோம். காலையிலே அதே திரை 268 டொலர் என்றது. மனம் பொறாமல் நிறுவனத்துக்குத் தொலைபேசியிற் பேசினோம். மிகுந்த மரியாதையோடு பேசிய ஒரு பெண்மணி, கணக்குப் பார்த்து, 417 டொலர் என்றார். திரையிலே குறைவாக இருக்கின்றதே என்றோம். அது வேறு, இது வேறு என்றார். அந்த விலைக்குத் தம்மால் விற்க இயலாதென்றும் சொன்னார். பெறாமகன் மூன்றாவது வழியொன்று கண்டுபிடித்தான்: 15,000 'மைல்'களும் 75 டொலரும். இந்த மைல் என்பது தூரமன்று. அடிக்கடி பறப்போருக்கு நிறுவனம் எழுதிவைக்கும் ஒருவகை வரவு. தாயாரின் வரவிலே அவ்வளவு மைல் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, பிரயாணத்துக்கு இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கு முன்னர், திரை 187 என்றது. இன்னுங் குறையுமோ என்று நாம் பொறுத்தோம். அந்தப் பொறுமையைப்பற்றிப் பின்னர் சொல்வோம்.

இவ்விடத்தில் வாசகர்கள், குறிப்பாக மாணவர்கள், ஒரு கேள்வி கேட்கலாம். விமானம் ஒன்று, ஆசனம் ஒன்று, ஏறுபவரும் ஒருவர். விலை மாத்திரம் பல ஆவதெங்ஙனம்? எமது தாயாரும் இதையேதான் கேட்டார். "யாழ்தேவியிலை போன காலத்திலை மூண்டாம் வகுப்புக்கு ஒரு காசு, ரண்டாம் வகுப்புக்கு ஒரு காசு. ஸ்டேசன் மாஸ்டர் ஆளுக்கொரு விலை சொன்னவரே?" புகையிரதத்தின் முறை அத்துணை எளிது, இரு வகுப்புகளின் கட்டணத்தையும் அறிந்தவர் வித்தியாசத்தையும் அறிவார்.

ஒரு காலத்திலே விமானமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1945இல் ஹவானா நகரிலே தோன்றிய சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மகாநாடுகளிலே நாடுகளுக்கிடையிலான கட்டணங்கள் பேசி முடிவு செய்யப்பட்டன. அட்லாந்திக் சமுத்திரத்தின் மீது 1952இல் 'சுற்றுலா' வகுப்பும் 1958இல் அதனினும் மலிவான 'சிக்கன' வகுப்பும் வந்தன. அமெரிக்காவுக்குள்ளே மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பிரயாணங்களுக்குக் கட்டணம் விதித்தது அரசாங்கத்தின் சபையொன்று. 1978இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 1985 பிறந்தபொழுது அச்சபையே இல்லாதொழிந்தது. அதன் பின்னர் எந்த விமானத்துக்கும் எந்த விலையும் கேட்கும் சுதந்திரம் நிறுவனங்களுக்குக் கிடைத்தது. கட்டணம் பொதுவிற் குறைந்தது உண்மையே. குழப்பமும் கூடவே பிறந்தது.

இந்தக் குழப்பத்தின் அடியிலே ஓர் அழகான கணக்கு இருக்கின்றது. 1972இலே, பி.ஓ.ஏ.சி. என்ற பிரித்தானிய விமான நிறுவனத்திற் பணியாற்றிய கென் லிற்றில்வூட் என்பவர் அதனை வகுத்தார். ஓர் ஆசனத்தின் முழுக் கட்டணம் 400 என்றும், குறைந்த கட்டணம் 150 என்றும் வைத்துக்கொள்வோம். இன்று ஒருவர் 150 தருகிறேன் என்கிறார். கொடுப்பதா, மறுப்பதா? கடைசி நேரத்தில் 400 கொடுக்கக்கூடிய ஒருவர் அந்த ஆசனத்துக்கு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டென்று பார்க்கவேண்டும். 150ஐ 400ஆல் வகுத்தால் எட்டில் மூன்று பங்கு. வாய்ப்பு அதற்கு மேற்பட்டதாயின் மறுத்துக் காத்திருப்பது இலாபம். குறைந்ததாயின் 150ஐ உடனே பெற்றுக்கொள்வதே இலாபம். கணக்கு இவ்வளவே. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஐந்து நிமிடத்திலே விளங்கிக்கொள்வான்.

எமது தாயாரின் ஆசனத்துக்கும் நடந்தது இதுவே. முதலாம் வகுப்பிலே வெற்றிடம் இருக்கின்றது. முழு விலை கொடுக்கும் ஒருவர் இன்னும் வரக்கூடும் என்று கணினி நினைக்கும்வரை எமக்குச் சொல்லும் விலை உயர்ந்திருக்கும். இடையிலே யாரோ ஓர் ஆசனத்தை வாங்கினால் விலை ஏறும். பிரயாண நாள் நெருங்க நெருங்க, வாங்குவோர் வராவிட்டால் விலை இறங்கும். விமானம் புறப்பட்டபின் வெற்று ஆசனத்துக்கு விலையே இல்லையன்றோ? அதுமாத்திரமன்று. எம்மை முன்னே அனுப்பினால், பின்னே நாம் விட்ட சாதாரண ஆசனமும் நிறுவனத்துக்கு மிச்சமாகின்றது. அதனை இன்னொருவருக்கு விற்கலாம். அளவுக்கு மிஞ்சிச் சீட்டு விற்றிருந்தால் அந்த இக்கட்டையுந் தீர்க்கலாம்.

அப்படியாயின் தொலைபேசிப் பெண்மணி 417 என்றது ஏன்? அவர் பார்த்தது வேறொரு புத்தகம். சீட்டிலே ஓர் எழுத்து இருக்கும். பெரும்பாலும் நாம் அதைக் கவனிப்பதில்லை. 'எவ்' என்பது முதலாம் வகுப்பின் முழுக் கட்டணம். 'வை' என்பது சாதாரண வகுப்பின் முழுக் கட்டணம். அதற்குக் கீழே 'பி', 'எம்', 'எச்', 'கியூ' என்று படிப்படியாக மலிவான கட்டணங்கள். அமர்வது ஒரே வரிசையில், உண்பது ஒரே பிஸ்கட். எழுத்து மாத்திரம் வேறு, அதனோடு உரிமைகளும் வேறு. அப்பெண்மணி அன்றைய முதலாம் வகுப்பு விலையிலிருந்து எம் 154ஐக் கழித்தார். திரை காட்டியதோ கணினி அவ்வேளைக்கென்று நிர்ணயித்த சலுகை விலை. ஒரே நிறுவனத்தின் வலக்கைக்கும் இடக்கைக்கும் வெவ்வேறு கணக்கு.

இந்த எழுத்துக்களின் விநோதம் இன்னொன்றையும் குறிப்பிடாமல் விடலாகாது. அமெரிக்கக் கம்பனிகள் பல, தம் உத்தியோகத்தர் முதலாம் வகுப்புச் சீட்டு வாங்குவதைத் தடைசெய்திருந்தன. விமான நிறுவனங்கள் அதற்கொரு மாற்று வழி கண்டன. கணக்கிலே 'வை' என்னும் சாதாரண வகுப்பு; விலை, அறிவித்த முதலாம் வகுப்பு விலையிலும் பார்க்கக் குறைவு; வாங்கிய கணமே முதலாம் வகுப்புக்கு ஏற்றம்! கணக்காய்வாளர் பார்ப்பது சாதாரணச் சீட்டு, ஆள் சாய்ந்திருப்பது முன்வரிசையில். பள்ளிக்கூட நேரசூசியில் 'தேகாப்பியாசம்' என்று எழுதிவிட்டுக் கணிதம் படிப்பிக்கும் எம்போன்றோர் இதைக் கேட்டு நகைக்க உரிமையற்றவர்.

இதனை எளிதாக்க எவரும் முயலவில்லையா? முயன்றார்கள். 1992 ஏப்பிரில் மாதத்தில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனம், அதன் தலைவர் ரொபேர்ட் கிரான்டலின் காலத்தில், தன் எண்ணற்ற கட்டணங்களை நான்கே நான்காகச் சுருக்கியது: முதலாம் வகுப்பு, சாதாரண வகுப்பு, ஏழு நாள் முன்னதாக வாங்குவது, இருபத்தொரு நாள் முன்னதாக வாங்குவது. பிரயாணிகள் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒழுங்கு. போட்டி நிறுவனங்கள் அதற்கு இசைந்து நிற்கவில்லை. விலையைக் குறைத்துப் போர் தொடுத்தன. கோடைகாலத்திலே பாதி விலைக்குச் சீட்டு விற்கும் நிலை வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு கட்டணத் திட்டம் கைவிடப்பட்டது. தனியொருவர் நேரான விலை சொன்னால் நட்டம் அவருக்கே என்பதை அன்று எல்லா நிறுவனங்களும் கண்டுகொண்டன. குழப்பம் அறியாமையால் நேர்ந்ததன்று என்பது எமது துணிபு.

வெளிநாட்டிலே உறவினரிடம் போகும் குடும்பத்தினருக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். சாதாரணச் சீட்டு வாங்கும் அன்றைக்கே முதலாம் வகுப்பின் விலையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எம் பெறாமகன் வாங்கிய நாளிலே அது 389 டொலராக இருந்ததாம், வித்தியாசம் 235. மேலும் அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் முதலாம் வகுப்புப் பிரயாணி பெட்டிக்குத் தனிக் கட்டணம் கொடுப்பதில்லை; ஆதலால் அதையுங் கழித்தே ஒப்பிடவேண்டும். சொல்லப்படும் தொகை ஒருவருக்கா இருவருக்கா, ஒரு விமானத்துக்கா முழுப் பிரயாணத்துக்கா என்பதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுப் பிரமாணம் ஒன்று பிரயாணிக்கு உதவியானது. நிறுவனமே உங்களை மேல்வகுப்பில் இருத்தினால் மேலதிகப் பணம் கேட்கலாகாது. கீழ்வகுப்பில் இருத்தினால் தூரத்துக்கேற்பச் சீட்டு விலையின் 30, 50 அல்லது 75 வீதத்தைத் திருப்பித் தரவேண்டும்.

நிற்க. சனிக்கிழமை விமான நிலையத்துக்குச் சென்றோம். தாயாரைச் சக்கர நாற்காலியில் இருத்தி, விமானவாயிலை அடைந்தபொழுது, பெறாமகன் திரையைக் காட்டினான்: 149 டொலர். இரண்டு ஆசனமே எஞ்சியிருந்தன. செவ்வாய் இரவிலிருந்து எழுபது டொலரை மிச்சம்பிடித்த பெருமிதத்தோடு கட்டிவிட்டோம்.

விமானத்தின் பின்பகுதியில், முழங்கால் முன் ஆசனத்தில் இடிக்க அமர்ந்தபின்னர்தான் நெஞ்சு திக்கென்றது. அந்த இரண்டு ஆசனத்தையும் காலையிலே வேறு இருவர் வாங்கியிருந்தால்? இந்த இடுக்கிலே தாயார் நான்கு மணித்தியாலம் இருந்திருப்பார். கணினி எமது அவசரத்தை வைத்துச் சூதாடியது. நாமோ தாயாரின் முழங்காலை வைத்துச் சூதாடியிருந்தோம். எங்கள் இருவரில் எவருடைய குற்றம் பெரிதென்று அந்த நான்கு மணித்தியாலமும் யோசித்தோம்.

லொஸ் ஏஞ்சல்ஸிலே இறங்கிய தாயார் மிக்க உற்சாகத்தோடு இருந்தார். காலை நன்றாக நீட்டியிருந்தாராம். பக்கத்து ஆசனத்து வியாபாரியோடு தமக்குத் தெரிந்த ஆங்கிலத்திலே உரையாடினாராம். அவர் வாங்கியதும் சாதாரண வகுப்புச் சீட்டே. கிழமைதோறும் பறப்பவராதலால் நிறுவனம் காசு வாங்காமலே முன்னே இருத்திவிட்டதாம்.

"அவர் சும்மா வந்தவர். நான் நூற்று நாப்பத்தொன்பது. அப்ப அந்தக் கதிரையின்ரை விலைதான் என்ன தம்பி?"

எழுத்துக்களையும் லிற்றில்வூட்டின் கணக்கையும் விளக்கத் தொடங்கினோம். தாயார் பாதியிலே கையமர்த்தி, தமக்கையாரின் கார் எங்கே நிற்கின்றதென்று பார்க்கச் சொன்னார்.

திருமணம் இனிதே நிறைவேறியது. அன்றிரவு பெறாமகன் கைத்தொலைபேசியை நீட்டினான். திரும்பும் விமானத்தில் தாயாரின் மேல்வகுப்புக்கு 233 டொலர். காலையிலே பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தோம். தாயாரின் முழங்காலைப் பார்த்துவிட்டுக் கட்டச் சொன்னோம். மறுநாள் அது 198 ஆகியிருந்ததாகப் பின்னர் அறிந்தோம்.