பழைய ஹைபிரிட் காரில் பேட்டரி லைட் எரிகிறதா? லட்சங்களைக் கொட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

ஒரு லாரியை முன் பம்பர் முதல் பின் ஆக்சில் வரை கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் நாமக்கல். பாடி கட்டுவது, கேஸ் டேங்கர், டிரெய்லர், பக்கத்திலேயே திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி என்று எதைக் கொண்டுபோனாலும் பட்டறையில் ஆள் இருக்கிறார். ஆனால் பத்து வருஷம் ஓடிய ஒரு ஹைபிரிட் கார், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கோடு அதே பட்டறை வாசலில் வந்து நின்றால் கதை வேறு.

"ஏனுங்ணா, பேட்டரி போயிருச்சுங்களா?" என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் இரண்டே பதில்தான். "இதுல நாங்க கை வைக்கறது இல்லீங்க, கம்பெனிக்கே கொண்டு போயிருங்க" என்பது ஒன்று. "மொத்த பேட்டரியையும் மாத்தோணுங்க" என்பது இன்னொன்று.

இரண்டாவது பதிலுக்கான பில் லட்சங்களில் வரும். பழைய வண்டியை விற்றால் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். ஆனால் அந்த லைட் எரிவதற்குக் காரணம் எப்போதும் செத்துப்போன பேட்டரிதானா? இல்லை. அடைத்துக்கொண்ட ஒரு சின்ன ஃபேன், துரு ஏறிய ஒரு செம்புத் தகடு, பலமிழந்த ஒரு 12 வோல்ட் பேட்டரி... இவையும் அதே மாதிரி லைட்டை எரிய வைக்கும்.

இது ஏன் இப்போது பேச்சாகிறது?

இந்தியாவில் ஹைபிரிட் கார் புதிதல்ல. டொயோட்டா பிரியஸ் 2010லேயே இங்கே விற்பனைக்கு வந்தது. 2013ல் கேம்ரி ஹைபிரிட், பெங்களூரு அருகே பிடதி ஆலையில் அசெம்பிள் ஆகி வந்தது. ஆனால் சாதாரண குடும்பங்கள் ஷோரூமில் ஹைபிரிட் பற்றி விசாரிக்க ஆரம்பித்தது 2022க்குப் பிறகுதான். ஹோண்டா சிட்டி ஹைபிரிட், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், வருடக் கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் என்று ஒரே ஆண்டில் வரிசையாக அறிமுகமாயின.

டொயோட்டா, மாருதி ஸ்ட்ராங் ஹைபிரிட் பேட்டரிக்குத் தரும் வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2022ல் வாங்கியவருக்கு 2030 வரை கவலை இல்லை என்று தோன்றும். ஆனால் தினமும் 150 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மூன்றே வருஷத்தில் கிலோமீட்டர் கணக்கு முடிந்துவிடும். சேலம், ஈரோடு, கோவை என்று வியாபாரத்துக்காகச் சுற்றும் வண்டிகள் பலவும் இந்தக் கணக்கில் வருபவைதான்.

இன்னொரு பக்கம் வரி. பெரிய ஹைபிரிட் கார்களுக்கு செஸ் சேர்த்து 43 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆனது. மின்சாரக் காருக்கு வெறும் 5 சதவீதம். புதிய ஹைபிரிட் எட்டாத விலையில் இருப்பதால், பலரின் கண் செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறது. வாரண்டி தீர்ந்த வண்டிகள் கை மாறுவதும் அங்கேதான்.

முதலில், உங்கள் வண்டி எந்த ஹைபிரிட்?

பின்னால் "ஹைபிரிட்" என்று எழுதியிருந்தாலே பெரிய பேட்டரி இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2015 முதல் வந்த மாருதி சியாஸ், எர்டிகா எஸ்ஹெச்விஎஸ் மாடல்கள் 'மைல்ட்' ஹைபிரிட். அதில் மோட்டார் இன்ஜினுக்குத் துணைக்கு நிற்கிறதே தவிர, தனியாக வண்டியை ஓட்டாது. பேட்டரியும் 12 வோல்ட் வகைதான். சிக்னலில் இன்ஜின் தானாக அணைவது நின்றுவிட்டது என்றால், பல நேரம் யாரோ விலை குறைவு என்று சாதாரண கார் பேட்டரியை மாட்டிவிட்டிருப்பார்கள். அடிக்கடி அணைத்து ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் பேட்டரியாக மாற்றினாலே தீரும் விஷயம் இது. லட்சக்கணக்கில் செலவு என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

கேம்ரி, ஹைகிராஸ் போன்றவை ஸ்ட்ராங் ஹைபிரிட். இதில் உயர் வோல்டேஜ் பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். அந்தக் கால கேம்ரியில் 34 மாட்யூல்கள், 244.8 வோல்ட். இவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. ஹைகிராஸிலும் அதே வகைதான், 168 செல்கள். ஹைரைடர், கிராண்ட் விட்டாராவில் இருப்பது லித்தியம் அயான். இனி பார்க்கப்போவது முக்கியமாக இந்த ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டிகளைப் பற்றி.

சந்தேகத்தைச் சின்ன பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள்

ஸ்ட்ராங் ஹைபிரிட்டிலும் ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி உண்டு. வழக்கமான காரில் அது பலமிழந்தால் காலையில் செல்ஃப் எடுக்கும்போதே தெரிந்துவிடும். ஹைபிரிட்டில் இன்ஜினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியின் வேலை. சின்னது, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களை எழுப்புவதற்கு மட்டும். அதனால் அது சாகக் கிடப்பது வெளியே தெரியாது. ஒருநாள் திடீரென்று பிரேக், ஏபிஎஸ், ஹைபிரிட் என்று எல்லா லைட்டும் ஒன்றாக எரியும். வண்டி 'ரெடி' நிலைக்கே வராது. பார்ப்பவருக்குப் பெரிய கோளாறு மாதிரி இருக்கும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

நாமக்கல்காரர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. வண்டி எழவில்லை என்றதும் பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவது நம்மூர் வழக்கம். கனரக லாரிகள் 24 வோல்ட். அதைக் காரின் 12 வோல்ட் இணைப்பில் கொடுத்தால், இருந்த சின்னக் கோளாறு போய் கன்ட்ரோல் யூனிட்டே எரிந்துபோகலாம்.

வெயிலும் தூசியும்

ஹைபிரிட் பேட்டரிக்கு வயதைவிடப் பெரிய எதிரி சூடு. கேம்ரி, பிரியஸ் மாதிரி வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்க தனி ரேடியேட்டர் கிடையாது. பயணிகள் உட்காரும் இடத்தின் காற்றையே ஒரு ஃபேன் இழுத்து பேட்டரி மேல் விடுகிறது. அதாவது உள்ளே உட்காருபவருக்கு எவ்வளவு புழுக்கமோ, பேட்டரிக்கும் அதே புழுக்கம். சேலம், நாமக்கல் பக்கம் ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் மதியங்கள் சாதாரணம். மைலேஜ் மிச்சம் என்று ஏசியை அணைத்துவிட்டு கண்ணாடியை இறக்கி ஓட்டினால், மிச்சமாகும் பெட்ரோலைவிட பேட்டரியில் போவது அதிகம்.

அந்த ஃபேன் காற்றை இழுக்கும் வாய் பல மாடல்களில் பின் சீட்டு அருகே இருக்கிறது. அங்கேதான் ஒரு கூத்து நடக்கிறது. வண்டி வாங்கியதும் கடையில் கொடுத்து மொத்த சீட்டுக்கும் ரெக்சின் கவர் போடுகிறோம். சில கவர்கள் அந்தக் காற்று வாயையும் சேர்த்தே மூடிவிடும். மிச்சத்தைத் துண்டு, ஸ்கூல் பை, காய்கறி மூட்டை பார்த்துக்கொள்ளும். கோழிப்பண்ணை ரோட்டுத் தூசியும் தீவனத் தூளும் உள்ளே போய் ஃபேன் இறக்கைகளில் அப்பிக்கொள்ளும்.

பின் சீட்டில் உட்காருபவர் "என்னமோ ஹேர் டிரையர் மாதிரி சத்தம் வருது" என்று சொன்னால் அலட்சியப்படுத்த வேண்டாம். சூடேறும்போது ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் சத்தம் அது. கழற்றிச் சுத்தம் செய்வது அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் விட்டால், அடுக்கின் நடுவில் இருக்கும், காற்று குறைவாகப் படும் மாட்யூல்கள் முதலில் சூடாகி முதலில் பலமிழக்கும்.

ஸ்கேனர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

டொயோட்டா ஹைபிரிட்களில் அதிகம் பேசப்படும் கோளாறு எண் பி0ஏ80. பல ஸ்கேனர்களில் இதற்கு நேராக "பேட்டரி பேக்கை மாற்றவும்" என்றே வாசகம் வரும். அதைப் பார்த்ததும் வாடிக்கையாளரின் முகம் வாடிவிடுகிறது, மெக்கானிக்கின் விசாரணையும் அத்தோடு முடிந்துவிடுகிறது.

உண்மையில் அந்த எண் சொல்வது, சில மாட்யூல்களின் வோல்டேஜ் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதைத்தான். அது ஏன் என்பதை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில், அதாவது பஸ்பார்களில், பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலும் வோல்டேஜ் தவறாகத் தெரியும். அளவெடுக்கும் சென்சார் ஒயர் அரித்துப்போயிருந்தாலும் அப்படியே. வண்டியை ஓட்டும்போது ஒவ்வொரு பிளாக்கின் வோல்டேஜும் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தால்தான் நோய் எங்கே என்று புரியும். மலிவு விலை ஸ்கேனர்கள் இன்ஜினை மட்டும் படிக்கும், ஹைபிரிட் பக்கமே போகாது.

ஒரு மாட்யூலை மட்டும் மாற்றினால் போதுமா?

"கெட்டுப்போனது ஒண்ணுதான், அதை மட்டும் மாத்திடலாம்" என்பது காதுக்கு இனிய பேச்சு. செலவும் குறைவு, லைட்டும் அணைந்துவிடும். ஆனால் பத்து வருஷம் ஒன்றாக உழைத்த 34 மாட்யூல்களில் ஒன்று விழுந்தால் மற்றவையும் அதே வயதில்தான் நிற்கின்றன. புதிதாக நுழைந்தது வேறு திறனில் இருந்தால் பேலன்ஸ் கெட்டு, சில மாதத்தில் அடுத்தது விழும். இப்படி மூன்று முறை கழற்றி மாட்டிய கூலியைக் கூட்டிப் பார்த்தால் கசக்கும்.

எல்லா மாட்யூல்களையும் சோதித்து, ஒத்த திறன் உள்ளவற்றை மட்டும் சேர்த்து அடுக்குகிற பட்டறையாக இருந்தால் யோசிக்கலாம். எழுத்தில் உத்தரவாதம் தராதவரிடம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

இந்தப் பெட்டியை வீட்டில் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். 200 வோல்ட்டுக்கு மேல் டிசி மின்சாரம், தொட்டால் உயிரைப் பறிக்கும். ஆரஞ்சு நிற ஒயர்கள் அதற்கான அடையாளம். சர்வீஸ் பிளக்கைக் கழற்றினாலும் இன்வெர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். மாட்யூல்களுக்குள் இருக்கும் மின்சாரம் அப்போதும் எங்கேயும் போவதில்லை. 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாமல் கை வைக்கும் எலெக்ட்ரீஷியன் எவ்வளவு அனுபவசாலியானாலும் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பட்டறைகளுக்கு ஏன் தெரியவில்லை?

திறமை இல்லாமல் இல்லை. டீசல் பம்பை மட்டுமே பார்த்துப் பழகிய கைகள்தான் காமன் ரெயில் இன்ஜினைக் கற்றுக்கொண்டன. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது யூரியா டேங்க்கும் சென்சாருமாக வந்த லாரிகளையும் சமாளித்தன. கிடைக்காதது தகவலும் கருவியும்தான்.

இது பழைய வழக்கு. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகு மேல்முறையீடு, நீதிமன்றம் என்று விஷயம் இழுத்துக்கொண்டே போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஒரு இணையதளம் திறந்தது. அதில் வாகனத் துறையும் ஒன்று. ஆனால் ஒரு இணையதளம் இருப்பதாலேயே சேந்தமங்கலம் ரோட்டுப் பட்டறைக்காரருக்கு வயரிங் வரைபடம் கைக்கு வந்துவிடாது.

ஐடிஐகளில் மின்வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு இருக்கிறது. பத்தாவது முடித்த பையனுக்கு அது நல்ல வழி. 45 வயதில் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்துப் பட்டறை நடத்துபவர் இரண்டு வருஷம் கடையைப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போக முடியுமா? அவருக்கு வேண்டியது பத்து நாள் பயிற்சியும், பாதுகாப்புக் கருவியும், நியாயமான விலையில் சாஃப்ட்வேரும். 2022ல் விற்ற வண்டிகள் வாரண்டியிலிருந்து மொத்தமாக வெளியே வருவதற்கு இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்கலாம்?

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று முதலில் பாருங்கள். பேட்டரிப் பெட்டிக்குள் ஈரம் போயிருந்தால் மின்கசிவுக் கோளாறு பின்னாளில் தலைகாட்டும். அடுத்து, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து பிளாக் வாரியான வோல்டேஜைக் காகிதத்தில் வாங்குங்கள். "லைட் எதுவும் எரியலையே" என்று விற்பவர் சொன்னால் போதாது. லைட்டை அழிக்க இரண்டு நிமிடம் போதும், கோளாறு திரும்பத் தெரியச் சில நாள் ஆகும்.

முடிந்தால் ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலை இருக்கிறது, 70 கொண்டை ஊசி வளைவுகளோடு. இறங்கும்போது சார்ஜ் அளவு சீக்கிரமே நிறைவது இயல்பு, பேட்டரி சின்னது. கவனிக்க வேண்டியது அடிவாரத்துக்கு வந்த பிறகு. சமதளத்தில் ஏசி போட்டு நிதானமாக ஓட்டும்போதே, நிறைந்திருந்த அளவு சில நிமிடத்தில் அடிமட்டத்துக்கு விழுந்து, இன்ஜின் காரணமில்லாமல் உறுமத் தொடங்கினால், பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம்.