இரண்டு கையெழுத்துக்கள்

பிதுரார்ஜிதச் சொத்தை அனுபவிப்பது போலவே ராஜ்யத்தையும் அனுபவிக்கலாம் என்று ஐரோப்பாவின் ராஜ வம்சங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தன. ராஜ்யத்துக்கு ஜனங்களின் நம்பிக்கையும் வேண்டும் என்பதை ஒரு தலைமுறையில் கற்றுக்கொண்டு, மூன்று தலைமுறைக்குப் பின் மறந்துவிட்ட ஒரு குடும்பத்தின் கதையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதுதான் ஸவாய் வம்சம்.

ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களை ஆண்ட சிற்றரசர்களாக இவர்கள் பதினோராம் நூற்றாண்டில் தோன்றினார்கள். 1416-ல் சிகிஸ்மண்டு மன்னர் எட்டாம் அமடியஸுக்கு 'டியூக்' பட்டம் அளித்தார். 1563-ல் தலைநகரம் மலைக்கு அப்பாலுள்ள ஷாம்பெரியிலிருந்து இத்தாலியப் பக்கத்து டூரின் நகருக்கு மாறியது. 1713-ல் ஸிஸிலித் தீவும் அரச பட்டமும் கிடைத்தன. 1720-ல் ஸிஸிலியைக் கொடுத்துவிட்டு ஸார்டீனியாவைப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. யுத்த காலங்களில் எந்தப் பக்கம் சாய்ந்தால் லாபம் என்று கணக்குப் பார்ப்பதில் இவர்கள் மகா சமர்த்தர்கள்.

ஆனால் தேசபக்தி அந்தக் கணக்கில் அடங்கவில்லை. பாரதியார் பாடியதால் நமக்குப் பழக்கமான மாஜினிக்கும், வீரர் கரிபால்டிக்கும் மரண தண்டனை விதித்தது இவ்வம்சத்து அரசாங்கந்தான். அப்போது அரசராயிருந்தவர் சார்லஸ் ஆல்பர்ட். அதே அரசர் 1848 மார்ச்சு 4-ந் தேதி பிரஜைகளுக்குப் பார்லிமெண்டு வழங்கும் சாசனத்தில் கையெழுத்திட்டார். மனமுவந்து இட்டாரா என்பது வேறு விஷயம், இட்டார். மறு வருஷம் நோவாரா போர்க்களத்தில் ஆஸ்திரியர்களிடம் தோற்று, முடிதுறந்து, போர்ச்சுகல் சென்று உயிர் நீத்தார். அவருடைய குமாரர் இரண்டாம் விக்டர் இம்மானுவல், தோல்வியின் நடுவிலும் அந்தச் சாசனத்தை ரத்து செய்யவில்லை. அதைக் கண்டே இத்தாலியர்களில் பலர் இவ்வம்சத்தை நம்பினார்கள். 1860-ல் கரிபால்டி தாம் வென்ற தென் இத்தாலியை, தமக்கு மரண தண்டனை விதித்த குடும்பத்தினிடமே ஒப்படைத்தார்! மறு வருஷம் இத்தாலிய ராஜ்யம் பிறந்தது.

1922 அக்டோபரில் முஸோலினியின் கருஞ்சட்டைப் படையினர் ரோமாபுரியை நோக்கித் திரண்டார்கள். அவர்களைத் தடுக்க ராணுவச் சட்டம் பிறப்பிக்கும் உத்தரவைப் பிரதம மந்திரி பாக்டா அரசரிடம் கொண்டுபோனார். சார்லஸ் ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரரான மூன்றாம் விக்டர் இம்மானுவல் கையெழுத்திட மறுத்தார். மறுநாளே முஸோலினிக்கு அழைப்புப் போயிற்று. அதன்பின் சாசனம் ஏட்டில் இருந்தது, நாட்டில் இல்லை. அன்று மறுத்த அதே கை, யூதர்களைப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் உத்தியோகங்களிலிருந்தும் விரட்டிய 1938-ம் வருஷத்துச் சட்டங்களில் கையெழுத்திட்டது. 1943 ஜூலையில் அரசர் முஸோலினியை நீக்கினார் என்பது மெய்யே. ஆனால் செப்டம்பரில் ஜெர்மானியருக்கு அஞ்சித் தலைநகரையும், தெளிவான உத்தரவின்றித் தவித்த சேனையையும் விட்டுவிட்டு ஓடினார்.

1946 ஜூன் 2-ந் தேதி ஜனங்கள் தீர்ப்புக் கூறினார்கள். குடியரசுக்குச் சுமார் 1 கோடி 27 லட்சம் வோட்டு. முடியரசுக்கு 1 கோடி 7 லட்சம். மே மாதம் பட்டமேறிய உம்பர்ட்டோ ஜூனில் நாடு நீங்கினார். அவரும் போய்ச் சேர்ந்தது போர்ச்சுகலுக்கே! முன்னாள் அரசர்களும் அவ்வம்சத்து ஆண் வாரிசுகளும் இத்தாலிய மண்ணை மிதிக்கலாகாது என்று 1948-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் விதித்தது. 2002-ல்தான் அந்தத் தடை நீங்கிற்று.

இவ்வளவுக்கும் பிறகு அந்த 1 கோடி 7 லட்சம் பேர் ராஜ வம்சத்தின் பக்கம் நின்றார்களே, அதுவே நம்மை வியக்கச் செய்கிறது. ஜனங்கள் ஒரு முறை வைத்த நம்பிக்கையை லேசில் எடுத்துவிடுவதில்லை. அதைக் காப்பாற்றுவதற்கு அரசருக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு பேனாவும், கொஞ்சம் தைரியமுந்தான்.